இன்னொரு செல்லசாமி வீட்டுச் சாவு

1

இந்தக் கதையை எனக்குச் சொன்னவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன்.

நானுஓயா ஸ்டேஷன். பதுளைக்குப் போகிற ரயில் வழக்கம்போலப் பிந்திவிட்டது. வாங்குப் பலகையில் எனக்குப் பக்கத்தில் ஒரு பெண், மடியில் தூங்குகிற குழந்தை. நான் தோட்டத்துப் பள்ளிக்கூட வாத்தியார் என்பது என் நெற்றியில் எழுதி ஒட்டியிருக்கும்போல. "மாஸ்டர், நேரம் போகலியா? ஒரு கூத்து சொல்றேன் கேளுங்க. நான் ஒருக்கா ஆள் மாறிப்போயி, யாரோ ஒருத்தங்க சாவு வீட்டுல அழுது பொரண்டுட்டு வந்தேன்" என்றாள்.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவளும் சிரித்தாள். பாதியில் எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அவளுக்கு நிற்கவில்லை.

அது 1964. அவள் சொன்னது அதற்கு ஏழெட்டு வருசம் முந்திய சங்கதி. தோட்டங்களின் பேரை மாற்றிவிட்டேன். அவளுக்குக் காளியாயி என்று நானாக ஒரு பேர் வைத்திருக்கிறேன். ஒரே ஒரு பேரை மட்டும் மாற்றவில்லை. "அத மாத்துனீங்கன்னா அப்புறம் எழுதவே வேணாம் மாஸ்டர்" என்று கறாராகச் சொல்லிவிட்டாள்.

2

எப்படித் தொடங்குவது?

முதல் தொடக்கம்: "அன்று மலைமுகடுகளின் மீது மழை சோவென்று—"

வேண்டாம். மலைநாட்டுக் கதை என்றால் முதல் வரியிலேயே மழை பெய்தாக வேண்டும் என்று யார் சட்டம் போட்டார்கள்? அன்றைக்கு மண்டையைப் பிளக்கிற வெயில். அவளே சொன்னாள்.

இரண்டாம் தொடக்கம்: "செல்லசாமி செத்துப்போனார் என்ற சேதி வந்தபோது செல்லசாமி தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார்."

அடடா, இது ஜோர். இதை வைத்தே ஐந்து பக்கம் எழுதிவிட்டேன். வாரப் பத்திரிகைக்கு அனுப்பினால் படத்தோடு போடுவார்கள். பெருமையாக என் மனைவி சுகிர்தத்திடம் வாசித்துக் காட்டினேன். அவள் பருப்புப் புடைத்துக்கொண்டே கேட்டாள், சிரிக்கவும் செய்தாள். கடைசியில், "அது சரிங்க, அந்தப் புள்ள ஏன் அந்த அழுக அழுதிச்சு? தாய்மாமனுக்கு யாராச்சும் அப்படி அழுவாங்களா?" என்றாள்.

ஐந்து பக்கத்தையும் மடித்து வைத்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கம். இதுதான் நிற்கப் போகிறது:

"காளியாயியின் அம்மா செத்தபோது யாரும் அழவில்லை."

3

அழவில்லை என்றால், அழ விடவில்லை.

நோட்டன் பிரிட்ஜுக்கு மேலே இருக்கிற ஒரு தோட்டம். கல்லுமலைத் தோட்டம் என்று வைத்துக்கொள்வோம். அங்கே தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளில் கடைசி லயம், அதில் கடைசி அறையான கடைசிக் காம்பராவில் பழனியாண்டி, அவர் மனைவி அம்மாக்கண்ணு, ஒரே மகள் காளியாயி. மகளுக்குப் பதினாறு வயதாயிருக்கும்போது ஒருநாள் அம்மாக்கண்ணு தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டாள்.

(எப்படி என்று கேட்காதீர்கள். எனக்குத் தெரியும், எழுதமாட்டேன். அதைத் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள்?)

பொலிஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து நேரே இடுகாடு. தப்பு மேளச் சத்தம் இல்லை, பாடை இல்லை, பதினாறாம் நாள் காரியம் இல்லை. நல்ல சாவில்லையாம். பொம்பளைகள் யாரும் வெளியே வரக்கூடாது, வாயைத் திறக்கக்கூடாது என்று தோட்டத்துத் தலைவர்மார் சொல்லிவிட்டார்கள். பழனியாண்டி தலையைக் குனிந்துகொண்டு சரி என்றார். மகளிடம், "இனி அவ பேரை இந்த வீட்டுல எடுக்கப்படாது" என்றார். அவ்வளவுதான். அடுத்த நாள் காலை வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக்குப் போனார். கங்காணி கூப்பிட்ட வேலைக்குப் போனார்.

அழுகை என்றால் நீங்கள் நினைக்கிற மாதிரி கண்ணீர் இல்லை. கண்ணீர் காளியாயியிடம் தாராளமாக இருந்தது. கொழுந்துக் கூடைக்குள் விட்டால் யாருக்குத் தெரியும்? அவளுக்கு வேண்டியது ஒப்பாரி. நாலு பொம்பளைகள் தோளோடு தோள் கட்டிக்கொண்டு, தலையோடு தலை முட்டிக்கொண்டு, வாய்விட்டுச் சொல்லி அழுகிற அழுகை. அதை ஒற்றையாளாக அழ முடியாது. நாலு வருசமாக அவள் எத்தனையோ சாவு வீட்டுக்குப் போனாள். வட்டம் கட்டியிருக்கிற பொம்பளைகள் அவளைக் கண்டதும் அணைத்துச் சேர்த்துக்கொள்ளக் கையை விரிக்கமாட்டார்கள். ஒருத்தியும் போ என்று சொல்லவில்லை. கையை மட்டும் விரிக்கவில்லை. அவள் ஓரமாக நின்றுவிட்டு வந்துவிடுவாள்.

4

இந்த இடத்தில் வாசகர் ஒருவர் கையைத் தூக்குகிறார். "ஏன் செத்தாள் என்று சொல்லாமல் கதையை நகர்த்தப் பார்க்கிறீரே?"

எழுதிப் பார்க்காமல் இல்லை.

"புருசன் குடித்துவிட்டு வந்து—" (பழனியாண்டி குடிப்பதில்லை.)

"ஊரிலிருந்து வந்த சேதியைக் கேட்டு மனமுடைந்த அம்மாக்கண்ணு—" (எந்தச் சேதி? நானே கட்டிவிட்டது.)

"பிள்ளைகள் தங்காமல் போன துக்கத்தில்—"

மூன்றாவதை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. இதைத்தானே லயம் முழுக்கச் செய்தார்கள்! தண்ணி பிடிக்கிற பீலியடியில் ஒரு கதை, பெரட்டுக்களத்தில் ஒரு கதை, கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஒரு கதை. ஆளாளுக்கு எழுத்தாளர்தான். ஒருத்தி எழுதிய கதையில் பழனியாண்டி ராட்சசன். இன்னொருத்தி கதையில் அம்மாக்கண்ணுவின் நடத்தை சரியில்லை. மூன்றாமவள் கதையில் பேய். காளியாயி தண்ணிக்குப் போனால் கதை நிற்கும், அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்ததும் தொடரும்.

போதும் சாமி, அவர்களோடு நானும் ஒரு ஆளாக உட்கார்ந்து எழுத வேண்டாம். ஏன் என்று மகளுக்கே தெரியாது. "அம்மாக்கு ரொம்ப நாளா மனசு சொகமில்ல மாஸ்டர். அன்னைக்கு அது எங்களுக்கு வெளங்கல" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை நான் சேர்த்தால் அது பொய்.

5

இப்போது செல்லசாமி.

அம்மாக்கண்ணுவின் தம்பி. பூண்டுலோயாப் பக்கம் வெள்ளக்கல் தோட்டத்தில் வேலை. அக்கா செத்த நாளிலிருந்து இந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. நாலு வருசம் கழித்து, லொறிக்காரர் ஒருவர் கல்லுமலைக்கு வந்து சேதி சொன்னார்: "வெள்ளக்கல் செல்லசாமி போயிட்டாராம். நாளைக்கு மத்தியானம் எடுக்கிறாங்களாம்."

லொறிக்காரருக்கு அதைச் சொன்னது தலவாக்கலைக் கடைக்காரர். கடைக்காரருக்குச் சொன்னது பஸ் கொண்டக்டர். வெள்ளக்கல் தோட்டத்தில் மேக்கணக்கு, கீழ்க்கணக்கு என்று இரண்டு பிரிவு, பிரிவுக்கு ஒரு செல்லசாமி என்பது மூன்று பேருக்கும் தெரியாது.*

* நம்ம சனங்கள் பேர் வைக்கிற அழகு இது. இருக்கிற ஏழெட்டு சாமியைப் பங்குபோட்டுப் பேர் வைத்தால் இப்படித்தான் ஆகும்.

"செத்தவனுக்கு நான் வரல" என்றார் பழனியாண்டி. "உசுரோட இருந்தப்ப அவன் வந்தானா? நீ வேணும்னா போ."

காளியாயி போனாள். மாமன் சாவிலாவது நமக்கு உரிமை உண்டு, அங்கேயாவது கையை விரிப்பார்கள், இந்த ஒரு தரம் வாய்விட்டு அழுதுவிட வேண்டும் என்பதுதான் அவள் நினைப்பு. துணைக்கு அடுத்த காம்பரா மீனம்மா வந்தாள். மீனம்மாவுக்கு அம்பது வயது, ஊர்ச் சாவு ஒன்று விடாமல் போகிறவள், வாய்க்குப் பூட்டில்லாதவள். கடைசிக் காம்பராவோடு கொஞ்சமாவது பேச்சுவார்த்தை வைத்திருந்தவள் அவள் ஒருத்திதான்.

ஹட்டனுக்கு ஒரு பஸ், தலவாக்கலைக்கு ஒரு பஸ், பூண்டுலோயாவுக்கு ஒரு பஸ். இறங்கியதும் தப்புச் சத்தம் கேட்டது. சத்தம் வந்த திசையைப் பார்த்து இரண்டு பேரும் நடந்தார்கள். ஒருவரிடமும் எந்தச் செல்லசாமி என்று கேட்கவில்லை. சாவு வீட்டுக்கு யாராவது வழி கேட்பார்களா?

6

லயத்து முடக்கிலேயே இரண்டு பேரும் கொண்டையை அவிழ்த்துவிட்டார்கள். "ஐயோ என் மாமா" என்று காளியாயி கையைத் தூக்கியதுதான் தாமதம், எதிரே பத்துப் பொம்பளைகள் கையை விரித்துக்கொண்டு ஓடிவந்தார்கள்.

கையை விரித்துக்கொண்டு!

இழுத்து வட்டத்துக்குள் போட்டுக்கொண்டார்கள். வேர்வை நாற்றம், வெற்றிலை நாற்றம், யாருடைய கண்ணீரோ அவள் கழுத்தில். நாலு வருசத்துக்குப் பிறகு ஒரு அந்நியப் பொம்பளையின் கை அவள் தோளை இறுக்கியிருந்தது. அழுதுகொண்டே இடைவெளியில் பிரேதத்தைப் பார்த்தாள். பாடையில் பெரிய மீசை வைத்த ஒரு மனிதர். மாமனுக்கு மீசையே முளைக்காது.

மீனம்மாவும் பார்த்துவிட்டாள். தலையை முட்டிக்கொண்டு, அழுகிற ராகத்திலேயே காதில் சொன்னாள்: "அடி ஆத்தே... ஆள் மாறிப்போச்சுடி... இது நம்ம செல்லசாமி இல்லடி..."

"இப்ப என்னா செய்யிறது அத்தை?"

"வந்து வாய்விட்டு அழுதாச்சு. இனி எந்திரிச்சுப் போனா செத்தவனுக்கு அவமானம், நமக்கு அடி விழும். அழு."

"யாருக்கு அழுவுறது?"

மீனம்மா மூக்கைச் சிந்தினாள். "அழுகைக்கா ஆள் பஞ்சம்? நல்லாக் காது குடுத்துக் கேளு. இதுல எவ மீசைக்காரனுக்கு அழுவுறா?"

காளியாயி காது கொடுத்தாள். வலப்பக்கத்துக்காரி போன வருசம் காய்ச்சலில் போன தன் பிள்ளையைச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். இடப்பக்கத்துக்காரி கடலுக்கு அக்கரையில், இந்தியாவில் விட்டுவந்த ஆத்தாளை. எதிரே இருந்தவள் புருசனை. மீசைக்காரருக்கு அவர் சம்சாரம் வீரம்மா மட்டும்தான் அழுதுகொண்டிருந்தாள்.

(இங்கே அழுகையின் தத்துவம் பற்றி முக்கால் பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். மீனம்மா சொன்னதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியாது.)

அப்புறம் காளியாயி வாயைத் திறந்தாள்.

கொழுந்தெடுத்த கையழகி
கூடை சொமந்த தோளழகி
என்னப் பெத்த அம்மாக்கண்ணு – ஒனக்கு
எடுத்தழுவ ஆளில்லயே
தப்புச் சத்தம் கேக்கலியே – ஒன்னத்
தாங்கிக்கொள்ள நாதியில்லயே
நாலு வருசம் பூட்டி வச்சேன் – இப்ப
நடுச்சபையில அழுவுறேனே

பெற்றவளைப் பேர் சொல்லி அழுவது வழக்கமில்லை. அதை அவளும் அறிவாள். ஆனால் யாருமே எடுக்காத பேரை யாராவது ஒருத்தி எடுத்துத்தானே ஆகவேண்டும்? அவள் மூச்சு வாங்க நிறுத்தினாள். ஒப்பாரியில் அந்த இடம் மற்றவர்கள் எடுத்துக்கொள்கிற இடம். யார் அம்மாக்கண்ணு, எப்படிச் செத்தாள், நல்ல சாவா கெட்ட சாவா, ஒன்றும் தெரியாத பத்துப் பொம்பளைகள் ஒரே குரலில் எடுத்தார்கள்: "அம்மாக்கண்ணு... எங்க அம்மாக்கண்ணு..."

7

நான் நம்பாத பாத்திரம் ஒன்று இந்தக் கதையில் உண்டு. அது செல்லசாமி. உயிரோடிருக்கிற செல்லசாமி.

அவர் அங்கேதான் நின்றார். தன் பேர்க்காரன் சாவுக்கு மேக்கணக்கிலிருந்து இறங்கிவந்து, விறகு பிளந்துவிட்டு, ஆம்பளைகளோடு நின்று தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். பொம்பளைகள் பக்கமிருந்து அக்காவின் பேர் கேட்டது. கோப்பையைக் கீழே வைத்துவிட்டு வந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

முதலில் கண்டவள் மீனம்மா. "அட நாசமாப் போறவனே, உசுரோடல்லவா நிக்கிறான்!" என்று ராகத்தை விட்டுவிட்டுக் கத்தினாள்.

என் முதல் பிரதியில் அவரை வில்லனாக்கி வைத்திருந்தேன். அக்கா செத்து நாலு வருசம் எட்டிப் பார்க்காத மனுசனை வேறு என்ன செய்வது? இரண்டாம் பிரதியில், பாவம், நோயாளியாக்கினேன். ரெண்டும் ஒட்டவில்லை. ரயிலடியில் நான் கேட்டேன், அவர் ஏன் வரவில்லை என்று. "வெக்கம் மாஸ்டர்" என்றாள். "அக்காவ நாம பாக்காம விட்டுட்டோம், எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு போறதுன்னு இருந்துட்டாராம். எங்கப்பாவுக்கும் அதே வெக்கந்தான். ரெண்டு பேரும் ஆளுக்கொரு மலையில உக்காந்துக்கிட்டு வெக்கப்பட்டுக்கிட்டே இருந்தாங்க."

மாமன் மருமகள் முகத்தைப் பார்த்தார். "எனக்கா அழ வந்த?"

"ஆமா மாமா. நீங்க செத்துட்டதாச் சொன்னாங்க."

"கேட்டதும் ஓடி வந்தியா?"

"வேற யாரு இருக்கா மாமா எனக்கு?"

செல்லசாமி அங்கேயே குந்திவிட்டார். தோளெல்லாம் குலுங்கியது. ஆம்பளை அழுகைக்கு ராகம் கிடையாது. அது கேட்பதற்கு நன்றாயிருக்காது, அவ்வளவுதான்.

8

பிரேதம் எடுத்தாயிற்று. காளியாயிக்கு இப்போதுதான் பயம் பிடித்தது. வீரம்மா தலைவிரிகோலமாக அவள் பக்கம் வந்தாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நீ என்னா வேணும்மா? ஒன்ன நான் பாத்ததில்லயே."

மீனம்மா முந்திக்கொண்டாள். "அது வந்து, ஒண்ணுவிட்ட வழியில—"

"இல்லக்கா" என்றாள் காளியாயி. "ஆள் மாறி வந்துட்டோம். நான் மேக்கணக்கு செல்லசாமி அக்கா மக. நான் அழுதது எங்கம்மாவுக்கு. எங்கம்மா... தானாப் போயிட்டாங்க. அவங்களுக்கு யாரும் அழல. தெரியாம ஒங்க வீட்டுச் சாவுல அழுதுட்டேன். மன்னிச்சிருங்கக்கா."

சுற்றி நின்றவர்கள் பேச்சை நிறுத்திவிட்டார்கள். கல்லுமலைப் பீலியடியில் நிற்கிற மாதிரியே பேச்சு நின்றது. காளியாயிக்கு அந்தச் சத்தமின்மை நன்றாகத் தெரியும். முந்தானையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பத் தயாரானாள்.

வீரம்மா மூக்கைத் துடைத்தாள். "நானும் யோசிச்சேன். எம் புருசன் முன்கோபக்காரன், நாலு பேருக்கு நல்லது பண்ணவனுமில்ல, அவனுக்கு எவ இந்த அழுக அழுவுறான்னு பாத்தேன்" என்றாள். யாரோ கிளுக்கென்று சிரித்துவிட்டார்கள். வீரம்மாவுக்கும் சிரிப்பு வந்து, அது பாதியில் அழுகையாகி, மறுபடியும் சிரிப்பாயிற்று. காளியாயியின் கையைப் பிடித்தாள். "ஒன்னாலதான்டி நானும் நல்லா அழுதேன். ஒங்கம்மா பேரும் எங்க வீட்டுச் சாவுல சேந்துபோச்சு. அதுல என்னா தப்பு? வா, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ."

தான் குடித்த கோப்பையிலேயே மீதியை ஊற்றிக் கொடுத்தாள். காளியாயி வாங்கிக் குடித்தாள். இதைச் சொல்லும்போது மட்டும் ரயிலடியில் அவள் சிரிக்கவில்லை. "நல்ல இனிப்பு மாஸ்டர்" என்றாள்.

9

இனி முடிவுதான் பாக்கி.

அன்று மாமன் வீட்டில் தங்கி, மறுநாள் விளக்கு வைக்கிற நேரத்துக்கு மூன்று பேரும் கல்லுமலைக்கு வந்தார்கள். பழனியாண்டி வாசல் திண்ணையில், இஸ்தோப்பில் குந்தியிருந்தார். செத்துப்போன மைத்துனன் குடையோடு ஏறி வருவதைப் பார்த்து எழுந்து நின்றார்.

இதற்கு மேல் இரண்டு முடிவு எழுதினேன்.

(அ) பழனியாண்டி மைத்துனனை விரட்டுகிறார். கதவு அடைபடுகிறது. இந்த மாதிரிக் கதைக்குப் பரிசு கிடைக்கும். ஆனால் அது நடக்கவில்லை.

(ஆ) இருவரும் கட்டிப்பிடித்துக் கதறுகிறார்கள். அதுவும் நடக்கவில்லை. பழனியாண்டி யாரையும் கட்டிப்பிடிக்கிற ஆளில்லை.

நடந்தது இது. செல்லசாமி சொன்னார்: "அக்காவுக்கு அழ நான் வரல மச்சான். இந்தப் புள்ள அழுதிச்சு. ஊரே சேந்து அழுதிச்சு. நான் கேட்டேன்."

பழனியாண்டி மகளைப் பார்த்தார். "என்னான்னு அழுத?" என்றார்.

காளியாயி மாமனைத் திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லு. எனக்கும் கேக்கணும்."

அவள் உள்ளே போய் உட்கார்ந்து, முணுமுணுப்பாக முதல் வரியைச் சொன்னாள். மெதுவாகத்தான் சொன்னாள். லயத்துக் காம்பராக்களில் சுவர் கூரைவரை போகாது, மேலே திறந்துதான் இருக்கும். முதல் காம்பராவில் இருமினால் கடைசிக் காம்பராவில் கேட்கும். அந்த லயத்தில் யாருக்குத்தான் அது தெரியாது?

"எதுக்கு மெதுவா?" என்றார் பழனியாண்டி. "சத்தமாவே அழு. கேக்கட்டும்."

அவள் அழுதாள். அங்கே என்ன சொல்லி அழுதாள் என்பதை எழுதக்கூடாது என்று சொல்லியிருக்கிறாள், அது அவளுக்கும் அப்பாவுக்கும் உள்ளது. மற்றக் காம்பராக்களில் என்ன நடந்தது என்பதையும் எனக்குச் சொன்னாள். அதை நானாகத்தான் எழுதாமல் விடுகிறேன். வந்தார்கள் என்று எழுதினால் நீங்கள் திருப்தியாகப் பத்திரிகையை மூடிவைப்பீர்கள். வரவில்லை என்று எழுதினால் அவர்களை நாலு ஏச்சு ஏசிவிட்டுப் போய்ப் படுப்பீர்கள். ரெண்டிலும் உங்களுக்கு ஒரு வேலையும் இல்லை.

அதனால் உங்களை அந்த லயத்திலேயே குடிவைக்கிறேன். நடுக் காம்பரா உங்களுடையது. அடுப்பில் ரொட்டி வேகிறது. உங்கள் கையெல்லாம் மாவு. சுவருக்கு மேலாக அந்தக் குரல் வருகிறது, பேர் சொல்லி, தெளிவாக. உங்கள் வீட்டில் ஒருவர் நிமிர்ந்து உங்களைப் பார்க்கிறார், பேசாமல் இரு என்கிற மாதிரி. அடுத்த காம்பராவில் மீனம்மாவின் கதவு கிரீச்சிடுகிறது. அவள் ஒருத்தி போதாது, வட்டம் கட்ட இன்னும் ஆள் வேண்டும்.

காளியாயி மூச்சு வாங்க நிறுத்துகிறாள். எழுந்திருங்கள்.